அப்பா அந்த மாத்திரையை யாருக்குக் கொடுத்தார்? கொரிய த்ரில்லர்களின் நம்ப முடியாத கதைசொல்லிகள்

கேள்வி: கொரிய சைக்கலாஜிக்கல் த்ரில்லர்களில் கதையைச் சொல்கிறவரையே கடைசியில் நம்ப முடியாமல் போகிறது. இதில் அப்படி என்ன ஈர்ப்பு? ட்விஸ்ட் தெரிந்துவிட்டால் படம் தீர்ந்துபோகாதா? புதிதாகப் பார்க்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

ட்விஸ்ட்டை மட்டும் நம்பி எடுத்த படமாக இருந்தால் தீர்ந்துதான் போகும். அப்படிப்பட்டவை கொரியாவிலும் ஏராளம். ஆனால் பேர் சொல்லும் படங்களில் ட்விஸ்ட் என்பது பாதி தூரம்தான். அவற்றில் கதை சொல்கிறவர் நம்மை ஏமாற்றுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே தன்னை ஏமாற்றிக்கொண்டுவிட்டார். செய்த ஒன்றை, அல்லது செய்யத் தவறிய ஒன்றை, நேருக்கு நேர் பார்க்கத் தெம்பில்லாமல் அதன்மேல் ஒரு கதையைப் போர்த்தி வைத்திருக்கிறார். இரண்டு மணி நேரம் நாம் பார்ப்பது அந்தப் போர்வையை. முதல் முறை 'என்னதான் நடந்தது' என்று கேட்கிறோம். இரண்டாம் முறை 'இதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பெண் எப்படிச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள்' என்று கேட்கிறோம். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் படம் மறுபடி மறுபடி தாங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. கீழே பல படங்களின் முடிவுகளை உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் நேராகக் கடைசி நான்கு பத்திகளுக்குப் போய்விடலாம். எதை எந்த வரிசையில், எந்தப் பதிப்பில் பார்ப்பது என்பது மட்டும் அங்கே இருக்கிறது. முடிவு எதுவும் அங்கே உடையாது.

'நம்பகமற்ற கதைசொல்லி' என்ற கருத்துக்குப் பெயர் வைத்தவர் அமெரிக்க விமர்சகர் வேய்ன் பூத், 1961-இல். அவர் பேசியது நாவலைப் பற்றி. நாவலில் 'நான்' என்று ஒருவர் பேசும்போதே வாசகருக்குக் கொஞ்சம் உஷார் வந்துவிடும். சொல்கிறவர் ஒரு ஆள், ஆளுக்குச் சாய்வு இருக்கும் என்று தெரியும். சினிமாவில் அந்த உஷார் கிடையாது. கேமரா காட்டியதைக் கண்ணால் பார்த்தோம் என்றே மனம் பதிவு செய்துகொள்கிறது. ஆகவே திரையில் ஒருவரை நம்ப முடியாதவராக்க இயக்குநருக்கு மூன்று வழிகள்தான் மிச்சம். அந்த ஆள் நம்புவதையே கேமராவும் காட்டலாம். நடந்ததைக் காட்டிவிட்டு முக்கியமான சில நொடிகளை வெட்டிவிடலாம். அல்லது படம் முழுக்க ஒரே ஆளின் தோளில் கேமராவை ஏற்றி, அவருக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாமல் செய்யலாம். மூன்றுக்கும் கொரியாவில் முதல்தர உதாரணம் இருக்கிறது.

முதல் வழிக்கு கிம் ஜி-ஊன் இயக்கிய 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' (2003). மனநல மருத்துவமனையிலிருந்து சு-மி வீடு திரும்புகிறாள். தங்கை சு-யோன் கூடவே இருக்கிறாள். வீட்டில் அப்பாவும் சிற்றன்னை உன்-ஜூவும். சிற்றன்னை கொடுமைக்காரி. கதை இவ்வளவுதான் என்று நாம் முடிவுகட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது, ஏனென்றால் கொரியர்களுக்கு இது பாட்டி சொன்ன கதை. படத்தின் கொரியத் தலைப்பே 'ஜாங்ஹ்வா, ஹோங்ரியோன்'. ஜோசன் என்ற பழைய அரச வம்சக் காலத்து நாட்டுப்புறக் கதையில் வரும் அக்கா தங்கையின் பெயர்கள் அவை. அந்தக் கதையில் சிற்றன்னை தோலுரித்த எலியை மூத்தவளின் படுக்கையில் போட்டு, அவள் கருக்கலைத்துவிட்டாள் என்று பழி சுமத்துவாள். இரண்டு பெண்களும் குளத்தில் சாவார்கள். ஆவியாக வந்து நீதி கேட்பார்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர் திரையரங்கில் உட்காரும்போதே தீர்ப்பை எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார். சு-மி பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பாதிப் பொய்யை நாம் வீட்டிலிருந்தே கொண்டுபோகிறோம். மாற்றாந்தாய் கதைகள் நம் பக்கமும் குறைவில்லை என்பதால் தமிழ்ப் பார்வையாளரும் அதே வலையில் அதே வேகத்தில் விழுவார்.

உண்மை என்னவென்றால் தங்கை செத்து நாளாயிற்று. வீட்டில் சிற்றன்னையும் இல்லை. அப்பாவும் சு-மியும் மட்டும்தான் இருக்கிறார்கள். மற்ற இருவரும் சு-மியே.

இதை வைத்துக்கொண்டு படத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். வந்து இறங்கிய சு-மி தன் பொருட்களை மேசை இழுப்பறையில் வைக்கப் போகிறாள். அதே பொருட்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கின்றன. அலமாரியைத் திறந்தால் ஒரே மாதிரி உடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பேய்ப்பட வாடை என்று முதல் முறை தள்ளிவிடுவோம். அக்கா, தங்கை, சிற்றன்னை மூவருக்கும் ஒரே நாளில் மாதவிடாய் வருகிறது. சிற்றன்னையே அதை விசித்திரமாகச் சொல்லிக் காட்டுகிறாள். மூன்று பேருக்கு ஒரே உடம்பு என்று இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. அப்படியும் பிடிபடுவதில்லை. அப்பா தங்கையிடம் நேராகப் பேசுவதே கிடையாது. சிற்றன்னைக்கு அவர் மாத்திரையும் தண்ணீரும் கொடுக்கிறார். நரம்புத் தளர்ச்சி உள்ள மனைவியைப் பொறுமையாகக் கவனித்துக்கொள்ளும் கணவர் என்று நினைக்கிறோம். அந்த மாத்திரை போவது மகளின் வாய்க்கு. இது தெரிந்தபின் அந்த நடிகரின் முகத்தை மட்டும் பாருங்கள். மகள் மாற்றாந்தாயாக மாறித் தன்னிடம் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்ல முடியாமல், வேளாவேளைக்கு மருந்தை நீட்டும் மனிதர் அவர். முதல் முறை கையாலாகாத அப்பாவாகத் தெரிந்தவர்தான் இரண்டாம் முறை படத்தின் மிகத் துயரமான ஆள்.

ஏன் அவளுக்கு இது தேவைப்பட்டது? அம்மா அலமாரிக்குள் தூக்கு மாட்டிக்கொண்டு இறந்தாள். அம்மாவை வெளியே இழுக்கப் போன தங்கைமேல் அலமாரி சாய்ந்துவிட்டது. சத்தம் கேட்டு உன்-ஜூ போய்ப் பார்க்கிறாள், தயங்குகிறாள், திரும்பி வரும்போது சு-மி எதிர்ப்படுகிறாள். சொல்லியிருக்கலாம். ஆனால் சு-மி வெடுக்கென்று முகத்தில் அடித்ததுபோல் பேசிவிட, 'இந்த நொடிக்காக நீ பின்னால் வருத்தப்படுவாய்' என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டு உன்-ஜூ நிற்கிறாள். சு-மி கோபத்தோடு வீட்டைவிட்டு வெளியே நடக்கிறாள். மேலே தங்கை மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறாள். சு-மி கொலை செய்யவில்லை. வெறுமனே நடந்து போனாள். அந்த நடைக்குத் தண்டனை கொடுக்க ஆள் இல்லாததால் குற்றவாளி, பலியாள், காப்பாற்றுகிறவள் மூன்று வேடத்தையும் தானே கட்டிக்கொண்டாள்.

இதன் ஹாலிவுட் மறுஆக்கம் 'தி அன்இன்வைட்டட்' (2009). அதில் நாயகியின் கையில் உண்மையிலேயே ரத்தம் இருக்கிறது. அவளே கொலைகாரி என்பதுதான் அங்கே அதிர்ச்சி. ட்விஸ்ட்டின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு குற்றவுணர்வைக் கழற்றி வைத்துவிட்டார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஒரு இடத்தில் கிம் ஜி-ஊன் கணக்கை வேண்டுமென்றே குழப்புகிறார். விருந்துக்கு வரும் உன்-ஜூவின் தம்பி மனைவி வலிப்பு வந்து விழுகிறாள். பிறகு காரில் போகும்போது, சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு பெண்ணைப் பார்த்ததாகச் சொல்கிறாள். அவளுக்கு மனநோய் கிடையாது. ஆக வீட்டில் ஆவியும் இருக்கிறது. 'எல்லாம் அவள் மனப்பிரமை' என்று மூடிவிட முடியாதபடி ஒரு கதவைத் திறந்தே விட்டிருக்கிறார். இதைக் குறை என்பவர்கள் உண்டு. என் கணிப்பில் படத்தின் மூச்சே அந்தக் கதவு வழியாகத்தான் வந்து போகிறது.

இரண்டாவது வழி, வெட்டிவிடுவது. போங் ஜூன்-ஹோவின் 'மதர்' (2009) படத்தில் ஒரு கல் இருக்கிறது. மனவளர்ச்சி குறைந்த மகன் டோ-ஜூன் இரவில் குடித்துவிட்டு ஒரு பள்ளி மாணவியின் பின்னால் போகிறான். அவள் இருட்டுச் சந்துக்குள் மறைகிறாள். உள்ளிருந்து பெரிய கல் ஒன்று அவன் காலடியில் வந்து விழுகிறது. அவன் திரும்பி நடப்பதாகக் காட்சி முடிகிறது. மறுநாள் அவள் பிணம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்குகிறது. மகனைப் போலீஸ் பிடிக்கிறது, கையெழுத்து வாங்குகிறது, அம்மா கொலைகாரனைத் தேடிக் கிளம்புகிறாள். நாமும் அவள் கூடவே ஓடுகிறோம், ஏனென்றால் அவன் திரும்பிப் போனதைக் 'கண்ணால் பார்த்தோம்'. பழைய சாமான் பொறுக்கும் கிழவர் ஒருவர் கடைசியில் அந்த இரவை மறுபடி சொல்கிறார். கல் விழுந்தது உண்மை. அவள் 'முட்டாள்' என்று திட்டியதும் உண்மை. அந்த வார்த்தை அவனுக்கு ஆகாது. அவன் அந்தக் கல்லைத் தூக்கித் திருப்பி எறிந்தான். நாம் முதலில் பார்த்ததில் ஒரு ஃப்ரேம்கூடப் பொய்யில்லை. நடுவில் சில நொடிகள் மட்டும் காணோம். அவன் நினைவிலும் அதே நொடிகள் காணோம்.

பிறகுதான் படம் உண்மையில் தொடங்குகிறது என்பேன். தெரிந்துகொண்ட அம்மா கிழவரை அடித்துக் கொன்று வீட்டைக் கொளுத்துகிறாள். தலைப்புக்கு முன்னால், காய்ந்த புல்வெளியில் அவள் தனியாக ஒரு வினோத ஆட்டம் ஆடினாளே, அது இந்தக் கொலைக்கு அப்புறம் நடந்தது என்று இப்போது புரிகிறது. அவளுக்கு அக்குபங்சர் தெரியும். கெட்ட நினைவுகளைக் கரைக்கும் ஒரு புள்ளி தொடையில் இருக்கிறது என்பாள். கடைசியில் சுற்றுலாப் பேருந்தில் அந்த ஊசியைத் தன் தொடையிலேயே குத்திக்கொண்டு, எழுந்து மற்ற அம்மாக்களோடு ஆடுகிறாள். நம்பகமற்ற கதைசொல்லி எப்படி உருவாகிறார் என்பதை ஊசியும் கையுமாகக் காட்டும் காட்சி இது. மற்ற படங்கள் மறதியில் தொடங்கி உண்மையில் முடியும். இது உண்மையில் முடிந்து மறதிக்குப் போகிறது.

போலீஸ் வாங்கும் அந்தக் கையெழுத்தைக் கொரியர்கள் சாதாரணமாகக் கடக்க மாட்டார்கள். 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர் கொலைகளை வைத்து இதே இயக்குநர் 2003-இல் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' எடுத்தார். கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன் என்று நம்பும் துப்பறிவாளர் ஒருவர், அப்பாவிகளை அடித்து வாக்குமூலத்தை மனப்பாடம் செய்ய வைப்பார். நிஜ வழக்கில் 2019-இல்தான் டிஎன்ஏ மூலம் உண்மையான ஆள் தெரிந்தார். அதற்குள் அந்தக் கொலைகளில் ஒன்றுக்காக வேறொருவர் சுமார் 20 ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வந்திருந்தார். 2020-இல் அவர் நிரபராதி என்று தீர்ப்பானது. அரசாங்கத்தின் கோப்பே நம்ப முடியாத கதைசொல்லியாக இருந்த நாட்டில், திரையில் ஒருவர் 'நடந்தது இதுதான்' என்று சொன்னால் பார்வையாளர் ஒரு புருவத்தைத் தூக்கித்தான் கேட்பார். 'மதர்' முடிவில் டோ-ஜூனுக்குப் பதிலாகச் சிறைக்குப் போவது இன்னொரு மனவளர்ச்சி குறைந்த பையன். அவனுக்காக ஓட அம்மாவும் இல்லை.

மூன்றாவது வழிக்கு லீ சாங்-டாங்கின் 'பர்னிங்' (2018). ஹருகி முரகாமியின் சிறுகதையிலிருந்து எடுத்தது. எழுத்தாளனாக ஆசைப்படும் ஜோங்-சு, வடகொரிய எல்லையோரம் பாஜுவில் மாட்டுக்கொட்டகை வைத்த வீட்டில் இருக்கிறான். சிறுவயதில் ஒரே ஊரில் வளர்ந்த ஹே-மியை மறுபடி சந்திக்கிறான். அவள் ஆப்பிரிக்கா போய்விட்டுப் பணக்கார பென்னோடு திரும்புகிறாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாரும் கவனிக்காத பிளாஸ்டிக் பசுமைக்குடில் ஒன்றைக் கொளுத்துவது தன் பொழுதுபோக்கு என்கிறான் பென். அடுத்து ஹே-மி காணாமல் போகிறாள். பென் கொலைகாரனா?

சாட்சியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஹே-மியின் பூனையை அவள் வீட்டில் ஜோங்-சு ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. பென் வீட்டிலிருந்து ஓடிய பூனை, ஹே-மியின் பூனையுடைய பெயரைச் சொல்லி அழைத்ததும் வருகிறது. பெயருக்காக வந்ததா, தற்செயலாக வந்ததா, யார் கண்டது. பென்னின் குளியலறை இழுப்பறையில் ஹே-மியின் கடிகாரம் போல ஒன்று கிடைக்கிறது. அது கடைக் குலுக்கலில் பரிசாக விழுந்த மலிவுச் சரக்கு, அதேபோல் எத்தனை பேரிடம் இருக்குமோ. சிறுவயதில் தான் கிணற்றில் விழுந்ததாகவும் ஜோங்-சு காப்பாற்றியதாகவும் ஹே-மி சொன்னாள்; அவள் வீட்டார் அப்படிக் கிணறே இல்லை என்கிறார்கள், பல வருடம் கழித்து வந்த ஜோங்-சுவின் அம்மா வறண்ட கிணறு ஒன்று இருந்தது என்கிறாள். ஒவ்வொரு தடயமும் இரண்டு பக்கமும் சாய்கிறது. பென்மேல் விழுவது பூனையும் கடிகாரமும் சேர்த்து வைக்கும் பழியா, பணக்காரன்மேல் ஏழைக்கு வரும் ஆத்திரமா என்று பிரிக்க முடியாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒரே ஒரு வெட்டு. ஏறக்குறைய படம் முழுக்க ஜோங்-சு இல்லாத காட்சியே கிடையாது. முடிவுக்குச் சற்று முன் அவன் ஹே-மியின் காலியான அறையில் உட்கார்ந்து லேப்டாப்பில் எழுதத் தொடங்குகிறான். கேமரா ஜன்னலுக்கு வெளியே பின்வாங்குகிறது. அடுத்த காட்சியில் பென் வேறொரு பெண்ணுக்கு ஒப்பனை செய்கிறான். ஜோங்-சு அங்கே இல்லை. பிறகு பனியில் கொலை. அந்த ஜன்னலுக்கு அப்புறம் வருவது நடந்ததா, எழுதியதா? 148 நிமிடப் படத்தில் இந்த ஒரு கேள்வியை ஒரு வசனம்கூட இல்லாமல் வெறும் பார்வைக் கோணத்தால் போட்டிருக்கிறார்.

பார்க் சான்-வுக் இயக்கிய 'ஓல்ட்பாய்' (2003) பற்றிக் கேட்காமல் விட மாட்டீர்கள். 15 வருடம் அடைத்து வைக்கப்பட்ட ஓ டே-சு தன் கதையைத் தானே சொல்கிறான், ஆனால் கதையின் காரணம் அவனுக்கே தெரியாது. பள்ளியில் அவன் கசியவிட்ட ஒரு வம்புப்பேச்சு, அவன் மறந்தேபோன ஒன்று. மறந்ததுதான் குற்றம் என்று படம் தீர்ப்புச் சொல்கிறது. உண்மை தெரிந்ததும் அவன் தேடுவது விடுதலையை இல்லை. மனவசியக்காரியிடம் போய் மறுபடி மறக்க வை என்று கெஞ்சுகிறான். கடைசிச் சிரிப்பு பாதியில் அழுகையாகக் கோணுகிறதே, மறந்தானா இல்லையா என்று இன்றுவரை சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆனால் மனவசியம் என்ற கருவி படத்தில் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கதையின் நடுக்கண்ணியே அதில்தான் தொங்குகிறது. பார்க் சான்-வுக்கின் வேகத்தில் நாம் கவனிப்பதில்லை, அவ்வளவுதான்.

அவருடைய 'தி ஹேண்ட்மெய்டன்' (2016) இன்னும் நுணுக்கமான திருட்டு. சாரா வாட்டர்ஸின் ஆங்கில நாவலை 1930-களின் ஜப்பானிய ஆட்சிக்கால கொரியாவுக்கு மாற்றியிருக்கிறார். முதல் பாகம் வேலைக்காரி சுக்-ஹியின் குரலில், இரண்டாம் பாகம் சீமாட்டி ஹிடெகோவின் குரலில். சொத்துக்காகச் சீமாட்டியை மணந்து பைத்தியக்கார விடுதியில் தள்ளப் பார்க்கும் போலிக் கோமகன் ஒருவனின் கையாளாகத்தான் சுக்-ஹி அந்த வீட்டுக்கு வருகிறாள். முதல் பாக முடிவில் பைத்தியக்கார விடுதியில் அடைபட்டு சுக்-ஹி அலறும்போது அவள் ஏமாந்துவிட்டாள் என்று பதறுகிறோம். இரண்டாம் பாகத்தில்தான் தெரிகிறது, விடுதிக்குப் போகும் முன்பே இருவரும் கூட்டுச் சேர்ந்தாயிற்று. அப்படியானால் முதல் பாகத்தைச் சொன்ன சுக்-ஹி தனக்குத் தெரிந்ததை நம்மிடம் மறைத்திருக்கிறாள். மூல நாவலில் அவள் நிஜமாகவே ஏமாந்தவள், ஆகவே அங்கே கணக்கு நேராக இருக்கும். இங்கே இயக்குநர் ஆட்டத்தின் விதியை ஒரு இடத்தில் மீறுகிறார். அலறல் கூட இருந்த போலிக் கோமகனுக்காக நடித்தது, நமக்கும் சேர்த்து விழுந்தது என்று சமாதானம் சொல்லலாம். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன்.

மொழி விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. கொரியர்களும் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். யார் மூத்தவர் என்று தெரியாமல் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. ஆண்பிள்ளை தன் அண்ணனை 'ஹ்யொங்' என்பான், பெண் தன் அக்காவை 'ஒன்னி' என்பாள். ஜாங் ஹாங்-ஜுன் இயக்கிய 'ஃபர்காட்டன்' (2017) படத்தில் ஜின்-சோக் தன் அண்ணனை வாய்க்கு வாய் 'ஹ்யொங்' என்கிறான். 21 வயதுப் பையன், வருடம் 1997, புது வீடு, கடத்தப்பட்டு 19 நாள் கழித்துத் திரும்பிய அண்ணனிடம் ஏதோ சரியில்லை. தப்பித்துக் காவல் நிலையத்துக்கு ஓடினால் வருடம் 2017 என்கிறார்கள். கண்ணாடியில் 41 வயது முகம். அவன் 'அண்ணன்' என்று கூப்பிட்டது தன்னைவிட வயதில் மிக இளையவனை. 1997-இல், கொரியர்கள் 'ஐஎம்எஃப் நெருக்கடி' என்று சொல்லும் பொருளாதாரச் சரிவில் வேலை கிடைக்காமல், நிஜ அண்ணனின் சிகிச்சைக்குப் பணம் தேடி இவன் கூலிக்குச் செய்த கொலையில் பிழைத்த குழந்தை அவன். மனவசியத்தில் இவனை அந்த வருடத்துக்கே கொண்டுபோய் உண்மையைக் கறக்கப் பார்க்கிறான். ஆக 'ஹ்யொங்' என்ற ஒற்றைச் சொல்லே முழுப் பொய். ஆங்கில சப்டைட்டிலில் அது வெறும் பெயராகவோ 'பிரதர்' என்றோ கரைந்துவிடும். காதில் விழுகிறவர்களுக்கு இரண்டாம் முறை அந்தச் சொல் ஒவ்வொன்றும் சுருக்கென்று குத்தும்.

ஆனால் இந்தப் படம்தான் இந்த வகையின் பொதுநோய்க்கும் உதாரணம். முதல் பாதி அபாரம். முடிச்சு அவிழ்ந்த பிறகு மீதிப் படம் பெரும்பாலும் பிளாஷ்பேக்கில் விளக்கம். நாம் ஏற்கெனவே ஊகித்ததை மறுபடி படம் போட்டுக் காட்டும்போது பயம் வடிந்து பரிதாபம் மட்டும் மிஞ்சுகிறது. இதன் வழியில் வந்த சுமாரான படங்களில் கோளாறு எப்போதும் ஒன்றுதான்: நினைவிழப்பு வசதிக்காக வருகிறது, ஆளின் குணத்திலிருந்து வருவதில்லை. தலையில் அடிபட்டதால் மறந்தான் என்றால் அது விபத்து. தாங்க முடியாததால் மறந்தான் என்றால்தான் கதை.

இனி, பார்க்காதவர்களுக்கான வரிசை. 'ஃபர்காட்டன்' (109 நிமிடம்) முதலில். நேரான கதை, நெட்ஃப்ளிக்ஸ் வெளியீடாக உலகெங்கும் வந்தது. அடுத்து 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' (115 நிமிடம்). இதைச் சின்ன போன் திரையில் பகலில் பார்த்தால் காசுக்குப் பிடித்த கேடு. பாதிச் சங்கதி இருட்டு மூலைகளில் இருக்கிறது. இரவில், விளக்கணைத்து, ஹெட்போனோடு பாருங்கள். மூன்றாவது 'மதர்'. 'ஓல்ட்பாய்', 'தி ஹேண்ட்மெய்டன்' இரண்டும் பெரியவர்களுக்கு மட்டும். முதலாவதில் வன்முறை, இரண்டாவதில் உடலுறவுக் காட்சிகள், குடும்பத்தோடு உட்கார்ந்துவிட்டுப் பிறகு ரிமோட்டைத் தேட வேண்டாம். 'பர்னிங்' கடைசியில். அதை முதலில் பார்த்தவர்கள் பெரும்பாலும் பாதியில் தூங்கிவிடுகிறார்கள், தப்பு படத்தின் மேல் இல்லை.

பதிப்பு விஷயத்தில் கவனம் வேண்டும். 'ஓல்ட்பாய்' என்று தேடினால் 2013-இல் வந்த அமெரிக்க மறுஆக்கமும் வரும்; வேண்டியது 2003-இல் வந்தது. 'தி ஹேண்ட்மெய்டன்' 145 நிமிடம், நீட்டித்த பதிப்பு 168 நிமிடம். முதல் முறைக்குச் சின்னதே போதும். சப்டைட்டிலில் ஜப்பானிய வசனம் மஞ்சளிலும் கொரிய வசனம் வெள்ளையிலும் வரும் பிரதியாகத் தேடுங்கள். யார் எப்போது எந்த மொழிக்குத் தாவுகிறார் என்பது அந்தப் படத்தில் கதைக்குள்ளே சேர்ந்த விஷயம், ஒரே நிறத்தில் வந்தால் தவறிப்போகும். 'மெமோயர் ஆஃப் எ மர்டரர்' (2017) என்று இன்னொன்று. கிம் யங்-ஹாவின் நாவலிலிருந்து எடுத்தது, அல்சைமர் வந்த பழைய தொடர் கொலைகாரன் தன் நினைவைக் குரல்பதிவுக் கருவியில் சேமிக்கிற கதை. திரையரங்குப் பதிப்பும் 'அனதர் மெமரி' என்ற இயக்குநர் பதிப்பும் ஒரே முடிவுக்குப் போவதில்லை. முதலில் திரையரங்குப் பதிப்பைப் பாருங்கள், சில நாள் விட்டு மற்றது. ஆங்கில டப்பிங் எதற்கும் வேண்டாம். மரியாதை ஒருமை பன்மையெல்லாம் அதில் தட்டையாகிவிடும்.

முதல் முறை பார்க்கும்போது துப்பறிய உட்காராதீர்கள். டிரெய்லர், நடிகர் பட்டியல், 'முடிவு விளக்கம்' வீடியோக்களின் முகப்புப் படம், மூன்றுமே கெடுத்துவிடும். இரண்டாம் முறைக்கு ஒரு வாரத்துக்குமேல் விடாதீர்கள், சின்னச் சின்ன விஷயங்கள் மறந்துவிடும். அப்போது நாயகனையோ நாயகியையோ பார்க்காமல் கூட இருப்பவர்களைப் பாருங்கள். யார் பேச்சுக்கு யாரும் பதில் சொல்வதில்லை, யார் யாரைத் தொடுவதில்லை, எந்தப் பொருள் இரண்டு இடத்தில் இருக்கிறது, கதை சொல்கிறவர் அறையில் இல்லாதபோதும் கேமரா அங்கே இருக்கிறதா. கடைசிக் கேள்விதான் முக்கியம். இல்லாத இடத்தில் கேமரா நின்றால், ஒன்று அந்தக் காட்சி அவருடைய கற்பனை, இல்லையென்றால் இயக்குநர் அங்கே கொஞ்சம் ஏய்த்திருக்கிறார்.

பழசு பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் கிம் கி-யங்கின் 'தி ஹவுஸ்மெய்ட்' (1960) தேடிப் பாருங்கள். கறுப்பு வெள்ளை, 2008-இல் புதுப்பித்த பிரதி கிடைக்கிறது. மற்ற எல்லாப் படங்களையும் முடித்தபின் பார்த்தால் நல்லது. கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் யாரும் உங்களிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.